படைத்ததை விற்பதும் படைப்பு வேலைதான்: கலைஞர்களும் கைவினைஞர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்க்கெட்டிங்கைப் படைப்பு வேலை என்று சொல்வது, பிடிக்காத வேலைக்குச் சர்க்கரை பூசுவது ஆகாதா?

ஆகாது. ஓவியம் வரையும்போது எதை முன்னால் வைப்பது, எதை நிழலில் விடுவது, பார்ப்பவர் கண் முதலில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். விற்கும்போதும் அதே முடிவுகள்தான். எந்தப் படத்தை முதலில் காட்டுவது, முதல் வரியில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?

1730களின் தொடக்கத்தில் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் லண்டனில் ஆறு அச்சோவியங்கள் கொண்ட ஒரு தொடரை முன்பதிவு முறையில் விற்றார். பாதிப் பணம் கட்டியவர்களுக்கு அவர் கொடுத்த ரசீதே ஒரு தனி அச்சோவியம். அடுத்த தொடருக்கு வேறொரு படத்தை ரசீதாகச் செதுக்கினார். ரசீதைக் கையில் வாங்கியவருக்கு, வரப்போகும் படங்களில் என்ன கைவண்ணம் இருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. உங்கள் விலைச்சீட்டும் பெட்டிமேல் ஒட்டும் தாளும் மின்னஞ்சலும் இதே வேலையைச் செய்ய முடியும்.

பெரும்பாலும் கோளாறு நடப்பது ஒரே இடத்தில்தான். மூன்று வாரம் உழைத்து ஒரு பொருளை முடித்துவிட்டு, இரவு டியூப்லைட்டில் ஒரே ஒரு போட்டோ எடுத்து, ‘விற்பனைக்கு உண்டு, விலைக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்று போட்டுவிடுகிறோம். அந்தப் பொருளுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்த வரிக்குப் போகவில்லை. பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

இதுவரை விற்றதில் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் யார் வாங்கினார், எங்கே வைக்க அல்லது யாருக்குக் கொடுக்க வாங்கினார், வாங்கும்போது என்ன சொன்னார் என்று எழுதுங்கள். இன்னும் எதுவும் விற்கவில்லை என்றால், யார் எதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று எழுதுங்கள். வாங்கியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘இதைப் பற்றி உங்கள் நண்பரிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ அவர்கள் சொல்லும் சொற்கள் நீங்கள் யோசித்து எழுதுவதைவிடப் பெரும்பாலும் நேரடியாக இருக்கும். அவற்றை அப்படியே குறித்து வையுங்கள். பின்னால் எழுதும் விவரங்களுக்கு அவைதான் கச்சாப்பொருள்.

வேலை நடக்கும்போதே எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும்?

திரும்பி வராத கட்டங்களை. முதல் கோட்டுருவம், அடிவண்ணம், சூளைக்குப் போகும் முன் பச்சைமண் பானை, மெருகு போடுவதற்கு முந்தைய மரம். இவை ஒருமுறை கடந்துவிட்டால் மறுபடி எடுக்க முடியாது. முடிந்த பொருளை எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கலாம்.

மொபைலை ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, கைகள் மட்டும் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் 20 முதல் 30 விநாடி எடுத்தால் போதும். முழு நாளையும் ஓடவிட்டால் பிறகு அதை வெட்டி ஒட்ட யாருக்கும் நேரம் இருக்காது. வீடியோவைக் கருவி பொருளைத் தொடும் நொடியில் தொடங்குங்கள். மேசையைத் துடைப்பதிலிருந்து தொடங்கினால் பார்ப்பவர் நகர்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, பொருள்கள், எடுத்த மணிநேரம், அன்று எடுத்த ஒரு முடிவு, அதன் காரணம். ‘கைப்பிடியை 5 மி.மீ. கீழே இறக்கினேன், நிரப்பினால் முன்பக்கம் சாய்ந்தது’ என்பது போல ஒரு வரி. விலை போடவும் விவரம் எழுதவும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

போட்டோவில் என் ஓவியத்தின் நிறம் ஏன் அப்படியே வருவதில்லை?

பெரும்பாலும் கலப்பு வெளிச்சம்தான் காரணம். ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் கூடுதல், மஞ்சள் பல்பில் சிவப்பு கூடுதல். இரண்டும் சேர்ந்து விழுந்தால் படத்தின் ஒரு பாதிக்கு ஒரு நிறமும் மறுபாதிக்கு வேறு நிறமும் வரும். எந்த ஆப் வைத்தும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, நேர்வெயில் விழாத ஜன்னலருகே எடுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் அந்தப் பக்கத்து இருட்டு குறையும். சுவரோ நீங்கள் போட்டிருக்கும் சட்டையோ அடர்நிறமாக இருந்தால் அதுவும் ஓவியத்தில் ஏறும்.

விளக்கில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை ஓவியத்துக்கு இடமும் வலமும் 45 டிகிரி கோணத்தில் சம தூரத்தில் வையுங்கள். முதல் போட்டோவில் மட்டும் ஓவியத்தின் முன் ஒரு சாம்பல்நிற அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; பிறகு எடிட்டிங்கில் அந்தச் சாம்பலில் எந்த நிறச்சாயலும் இல்லாதபடி அமைத்து, அதே அளவை மற்ற படங்களுக்கும் கொடுக்கலாம்.

அடுத்தது கோணல். கேமரா ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராக, ஓவியத்துக்கு இணையாக இருக்க வேண்டும். மொபைலின் அகன்ற லென்ஸில் கிட்டப்போய் எடுத்தால் ஓரங்கள் வெளியே பிதுங்கும். இரண்டு மூன்று அடி பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுத்தால் கோடுகள் நேராகும்.

வார்னிஷ் பூசும் முன்பும் கண்ணாடிச் சட்டம் போடும் முன்பும் எடுத்துவிடுங்கள். பூசிய பிறகு அறையே அதில் பிரதிபலிக்கும். கத்தியால் தடிமனாக வண்ணம் அப்பிய ஓவியம் என்றால், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் சாய்ந்து விழும்படி கூடுதலாக ஒரு படம் எடுங்கள். மேடுபள்ளம் அதில்தான் தெரியும்.

இணையத்தில் ஏற்றும் கோப்பு எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ணவெளியில், அதாவது பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பில் இருக்கட்டும். வேறு வண்ணவெளியில் சேமித்த படம் பலரின் திரையில் சோகைபிடித்தாற்போல் வெளுத்துத் தெரியும். அச்சுக்குப் போவது தனிக் கோப்பு. 30 × 40 செ.மீ. அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3543 × 4724 பிக்சல் வேண்டும்.

பளபளக்கும் பானை, வெள்ளி நகை போன்றவற்றை எப்படி எடுப்பது?

பளபளப்பான பொருளைப் படம் பிடிக்கிறோம் என்று நினைக்காதீர்கள். அது பிரதிபலிப்பதைத்தான் பிடிக்கிறோம். ஆகவே எது பிரதிபலிக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பானையின் வயிற்றில் ஜன்னல் ஒரே ஒரு நீண்ட வெள்ளைப் பட்டையாக விழுந்தால் வளைவு அழகாகத் தெரியும். மூன்று விளக்கு மூன்று புள்ளியாக விழுந்தால் அசிங்கம். வெள்ளி நகையைச் சுற்றிலும் வெள்ளையாக வைத்தால் அதன் விளிம்பு கரைந்துபோகும். பக்கவாட்டில், படச்சட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலக் கறுப்புத் தாளை நிறுத்துங்கள். உலோக விளிம்பில் ஒரு கறுப்புக்கோடு ஓடி வடிவம் எழுந்து நிற்கும்.

வெள்ளைப் பின்னணியில் பொருள் கறுத்து வருவதும் வழக்கமான புகார். அவ்வளவு வெள்ளையைக் கண்ட கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. திரையில் பொருளின்மீது தொட்டு, வெளிச்ச அளவை ஒரு படி ஏற்றுங்கள்.

ஒரு பொருளுக்கு எத்தனை படம்?

ஐந்து அல்லது ஆறு. முழு உருவம், பக்கவாட்டு, பின்பக்கம் அல்லது அடிப்பக்கம், மிகக் கிட்டத்தில் ஒன்று, அளவு தெரிய கையில் பிடித்தோ உடலில் அணிந்தோ ஒன்று, இருக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒன்று. இதில் பலரும் விட்டுவிடுவது அளவு தெரியும் படத்தை. ‘இவ்வளவு சின்னதா?’ என்று திரும்பி வருகிற பார்சல்களைக் குறைக்க அந்த ஒரு படமே உதவும்.

பொருளைப் பற்றி என்ன எழுதுவது? எழுத வரவில்லையே.

எழுத வராததற்குக் காரணம் பெரும்பாலும் மொழி அல்ல. பொருளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுகிறோம், அதனால் ‘அழகான’, ‘தனித்துவமான’, ‘அன்போடு செய்யப்பட்ட’ என்று எந்தப் பொருளுக்கும் பொருந்தும் சொற்கள் வந்து விழுகின்றன. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். ‘கையால் செய்த அழகிய நீலக் கிண்ணம், உங்கள் மேசைக்கு அழகு சேர்க்கும்’ என்பது முதலில் வரும் வரி. இப்போது கிண்ணத்தைப் பாருங்கள். கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு உருகி அடியில் தேங்கியிருக்கிறது, அங்கே நிறம் ஆழம். விளிம்பில் மெலிந்து வழிந்திருக்கிறது, அங்கே மண்ணின் பழுப்பு எட்டிப்பார்க்கிறது. எழுதலாம்: ‘அடியில் குளம்போல் தேங்கிய நீலம், விளிம்புக்கு வர வர மெலிந்து மண்ணின் பழுப்பில் முடிகிறது. இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கும் அளவு. 600 மில்லி பிடிக்கும். அடி வளையத்துக்குப் பூச்சு கிடையாது, விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.’ இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனால் படிப்பவர் கையில் கிண்ணம் வந்துவிட்டது.

இதற்குக் கீழே தகவல்கள்: எதனால் ஆனது, உயரம், அகலம், ஆழம், எடை, செய்த ஆண்டு, எப்படிப் பராமரிப்பது, சட்டமும் மாட்டும் கொக்கியும் சேர்த்தா இல்லையா, எத்தனை நாளில் அனுப்புவீர்கள். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள். ‘பின்பக்கம் கடுகளவு ஊசித்துளை ஒன்று உண்டு, நீர் கசியாது’ என்று, சோதித்துப் பார்த்த பிறகு எழுதினால், மற்ற வரிகளையும் வாசகர் நம்புவார்.

கலைஞர் குறிப்பு எவ்வளவு நீளம்?

120 முதல் 150 சொல். என்ன செய்கிறீர்கள், எதைக் கொண்டு, எதைத் தேடி. சத்தமாக வாசித்துப் பாருங்கள். வாய் தடுக்கும் வாக்கியத்தை வெட்டுங்கள்.

விலை எப்படிப் போடுவது?

கணக்கிலிருந்து தொடங்குங்கள். நாட்டுக்கு நாடு பணம் வேறு என்பதால் இங்கே வெறும் எண்களாகவே பார்ப்போம். பொருள்செலவு 60. உழைப்பு 5 மணி, மணிக்கு 40 வீதம் 200. வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம் போன்ற பொதுச்செலவில் இந்தப் பொருளின் பங்கு 40. அடக்கவிலை 300. அதன்மேல் 20 விழுக்காடு லாபம் வைத்தால் 360. இது கடைக்குக் கொடுக்கும் மொத்தவிலை. சில்லறை விலை அதன் இரு மடங்கு, 720.

‘நான்தானே நேரடியாக விற்கிறேன், எனக்கு எதற்கு 720?’ என்று நினைத்து 360க்கே விற்பவர்கள் பலர். ஒரு வருடம் கழித்து ஒரு கடையோ கேலரியோ தேடி வருகிறது. அவர்கள் பங்கு பல இடங்களில் பாதி. 360இல் பாதி 180, அடக்கம் 300. ஒவ்வொரு விற்பனைக்கும் 120 நஷ்டம். விலையை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் பழைய வாடிக்கையாளர்கள் வருத்தப்படுவார்கள். கடை விலையைவிட மலிவாக நீங்களே விற்றால் கடைக்காரர் உறவு முறியும். அதனால் முதல் நாளிலிருந்தே சில்லறை விலையில் விற்க வேண்டும். நேரடியாக விற்கும்போது கிடைக்கும் அந்த அதிகப்படி சும்மா வருவதல்ல. போட்டோ எடுக்க, கேள்விகளுக்குப் பதில் எழுத, ஸ்டாலில் நிற்க நீங்கள் செலவிடும் நேரத்துக்கான கூலி அது.

இரண்டு செலவுகள் அடிக்கடி கணக்கிலிருந்து நழுவும். ஒன்று சேதாரம்: சூளையில் வைத்த பத்தில் இரண்டு விரிசல் விட்டால், மிஞ்சிய எட்டும் பத்தின் செலவைச் சுமக்க வேண்டும். 300 என்ற அடக்கம் 375 ஆகிறது. இன்னொன்று பேக்கிங்.

ஓவியங்களுக்கு மணிக்கணக்கு சரிவராது. வேகமாக வந்த நல்ல ஓவியம் மலிவாகிவிடும். அளவைக்கொண்டு போடுவது தெளிவு. பரப்பளவால் பெருக்கினால் பெரிய ஓவியங்கள் தாறுமாறாக ஏறும்: 20 × 30 செ.மீ. ஓவியத்தைவிட 60 × 90 ஓவியம் ஒன்பது மடங்கு. உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஒரு வீதத்தால் பெருக்கினால் 50க்கு 150, அதாவது மூன்று மடங்கு. பெரும்பாலான ஓவியர்களுக்கு இந்தக் கூட்டல் முறையே நல்லது. மிகச் சிறிய ஓவியங்களுக்கு மட்டும் ஒரு குறைந்தபட்ச விலை வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி கொடுக்கலாமா?

பழக்கமாக்காதீர்கள். மாதாமாதம் தள்ளுபடி வந்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்கலாம் என்று வாங்குபவர் கற்றுக்கொள்வார். அதற்குப் பதில் கூடுதலாக ஏதாவது கொடுங்கள்: ஒரு சிறு அச்சுப்படம், மாட்டித் தரும் உதவி, புதியதை மற்றவர்களுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பார்க்கும் வாய்ப்பு.

ஒவ்வொன்றாகக் காட்டுவதா, வரிசையாகவா?

வரிசையாக. ஒரே கருவில் ஐந்து முதல் பன்னிரண்டு வரை செய்தால், பார்ப்பவர் ஒப்பிடத் தொடங்குவார். ஒப்பிடுபவர் நின்று பார்ப்பார். 1830களில் வெளிவந்த ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலைத் தொடர் 36 காட்சிகள் என்றே பெயர் பெற்றது. வரவேற்பு அதிகமாகி மேலும் 10 சேர்ந்து 46 ஆனது. தலைப்பு மாறவில்லை. ஒரே மலை, படத்துக்குப் படம் தூரமும் பருவமும் வேலை செய்யும் மனிதர்களும் மாறுகிறார்கள். உங்கள் வரிசையிலும் மாறாதது ஒன்று, மாறுவது ஒன்று என்று வைத்துக்கொண்டால் அறிவிப்பதும் எளிது: ‘நான்காவது வந்துவிட்டது’ என்பதே செய்தியாகிவிடும்.

எண்ணிட்ட அச்சுப் பிரதிகள் என்றால், 7/50 (ஐம்பதில் ஏழாவது) என்பது போலப் பென்சிலால் எழுதிக் கையொப்பமிடுங்கள். 50 என்று சொன்னால் 50தான். வேறு அளவில் பின்னால் அச்சிடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சமூக ஊடகத்தில் தினமும் போட வேண்டுமா?

தேவையில்லை. வாரம் இரண்டு, ஒரு வருடம் விடாமல் போட முடியுமா என்று பாருங்கள். பத்து நாள் தினமும் போட்டுவிட்டு மூன்று மாதம் காணாமல் போவதைவிட அது மேல். இன்ஸ்டாகிராமில் யார் கண்ணில் எது படும் என்பதை அந்தத் தளம்தான் முடிவு செய்கிறது. அது நாளைக்கே மாறலாம். மின்னஞ்சல் பட்டியல் உங்களுடையது. விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்தவர்களை மட்டும் சேருங்கள், விலகும் வழியையும் கடிதத்திலேயே வையுங்கள். மாதம் ஒரு கடிதம், ஒரு பொருள், ஒரு பெரிய படம், ஒரு இணைப்பு. நான்கு செய்தியைத் திணித்தால் எதையும் அழுத்தாமல் மூடிவிடுவார்கள்.

ஸ்டால் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முந்தின வாரமே வீட்டுத் தரையில் ஸ்டாலின் அளவுக்கு டேப் ஒட்டி முழுதாக அடுக்கிப் பாருங்கள். சாதாரண மேசை 75 செ.மீ. உயரம்தான், பொருள்கள் இடுப்புக்குக் கீழே போய்விடும். பெட்டிகளை வைத்து 90 முதல் 110 செ.மீ. வரை உயர்த்துங்கள். ஓவியத்தின் நடு தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பத்தடி தள்ளி வருபவரை இழுக்க ஒரு பெரிய பொருள் போதும். மேசையில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு வேண்டும்; விலை கேட்கக் கூச்சப்படுபவர் கேட்காமலே போய்விடுவார்.

மேசைக்குப் பின்னால் உட்காராமல் பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் குவளையை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார் என்றால், அவருக்குச் செய்முறை தெரிய வேண்டியிருக்கிறது. ‘அந்த வளையம் கடைசியில் சீவியது’ என்று ஒரு வரி சொல்லுங்கள். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் ‘சும்மா பார்க்கிறேன்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேச்சு சுத்தமாக வராது என்றால் வேறொருவரை நிறுத்துவதில் தவறில்லை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் அச்சோவியங்களை ஃபிராங்க்ஃபர்ட் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவர் அவர் மனைவி ஆக்னெஸ்.

சொல்லிச் செய்யும் ஆர்டர்களில் தகராறு வராமல் இருக்க?

எழுத்தில் போடுங்கள். வேலை தொடங்கும் முன் பாதி அட்வான்ஸ். கோட்டுருவம் நிலையில் இரண்டு முறை திருத்தம் இலவசம். வண்ணம் ஏறிய பிறகு திருத்தத்துக்குத் தனிக் கட்டணம். முடியும் தேதி. பிரதி எடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் சேருங்கள். பெரும்பாலான நாடுகளில் ஓவியத்தை விற்பதால் மட்டும் அந்த உரிமை வாங்கியவருக்குப் போய்விடாது, ஆனால் வாங்குபவர் பலர் போய்விட்டதாகவே நினைக்கிறார்கள்.

பேக்கிங் மார்க்கெட்டிங்கில் சேருமா?

சேரும். வாங்கியவர் பொருளை முதன்முதலாகத் தொடுவது அங்கேதான். ஆனால் அலங்காரத்துக்கு முன் பத்திரம். ஓவியத்தின் முகத்தில் பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றாதீர்கள். வழியில் வெயில்பட்டால் வண்ணம் இளகி அதன் வட்டங்கள் பதிந்துவிடும். முதலில் கிளாசின் என்னும் வழவழப்பான தாள், பிறகு பபிள் ராப், அதன்மேல் மூலைக்காப்பு. பீங்கானுக்கு இரட்டைப் பெட்டி, இரண்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. திணிப்பு. மூடிய பெட்டியைக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் மறுபடி பிரித்துக் கட்டுங்கள். உள்ளே ஒரு சிறு சீட்டு: பொருளின் பெயர், செய்த மாதம், பராமரிப்பு, உங்கள் கையெழுத்து.

எது பலிக்கிறது என்று எப்படித் தெரியும்?

லைக் எண்ணிக்கையைவிடச் சேமித்து வைத்தவர்களையும் கேள்வி கேட்டு எழுதியவர்களையும் பாருங்கள். நோட்டில் நான்கு பத்தி போதும்: எங்கிருந்து வந்தார், என்ன கேட்டார், எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார், எதை வாங்கினார். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் விவரத்தில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் பொருளில் கோளாறு பெரும்பாலும் எடையிலோ விலைச்சீட்டிலோ இருக்கும். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படம், விலை, தலைப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு விற்பனை கூடினால், எதனால் கூடியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே?

வாரத்தில் அரை நாளைத் தனியே ஒதுக்கி, அன்று களிமண்ணையும் தூரிகையையும் தொடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் படம் எடுப்பது. வெளிச்சம் அதற்குமேல் காத்திருக்காது. அடுத்து விவரங்கள் எழுதுவது. கடைசியில் பதில்கள், பார்சல்கள். பதில் எழுதுவதில் தொடங்கினால் அந்த அரை நாள் அதிலேயே கரைந்துவிடும், படமும் எழுத்தும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.